எங்கள் வார்டுக்கு இரண்டு தடவை வந்தவர்

ஏற்காட்டிலிருந்து காலைப் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி வேலைக்குப் போவதும், சாயங்காலம் மலையேறி வீடு திரும்புவதுமாக என் ஆயுளில் பாதி போய்விட்டது. மலைமேல் ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. கீழே, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் நான் நர்ஸ். பஸ்ஸில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்துச் சீட்டில் வந்து உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். முதல் வளைவு திரும்புவதற்குள் கேட்டுவிடுவார்கள்.

"ஏனுங்க சிஸ்டர், முன்னாடிக்கு இப்ப சீக்கு நொம்ப அதிகமாயிருச்சுங்களா?"

ஆமாம் என்றாலும் முழு உண்மை இல்லை, இல்லை என்றாலும் முழு உண்மை இல்லை. ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் என் மனசுக்குள் எங்கள் மலையிலேயே வெள்ளக்கடை என்கிற ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா வந்து நிற்பார். எங்கள் வார்டுக்கு அவர் இரண்டு தடவை வந்தார். இரண்டுக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

முதல் தடவை வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த அம்மாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. காப்பி எஸ்டேட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை செய்தார்கள். கைக்குழந்தையாக ஒரு பெண். ராத்திரி பாயில் படுத்திருந்தவருக்குக் காலில் ஏதோ சுருக்கென்றிருக்கிறது. எறும்பு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டார். விடிந்ததும் எழுப்பினால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்றுதான் கணவர் நினைத்திருக்கிறார். காப்பி கொடுத்தால் தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அப்புறம் பாயைத் தூக்கிப் பார்த்தால், அடியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

எஸ்டேட் ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மலையிறங்கி வந்து சேர்வதற்குள் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. டாக்டர் தொண்டைக்குள் குழாய் வைத்தார், விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் அந்தப் பாம்பின் விஷம் தசைகளைக் கட்டிப்போட்டுவிட்டால், மருந்து போட்ட பிறகும் அவிழ நாளாகும். அதுவரைக்கும் வேறு யாராவது அவருக்காக மூச்சு விட வேண்டும். வார்டில் இருந்த சுவாச மெஷின்கள் மிகக் குறைவு, எல்லாம் வேறு ஆட்களிடம் இருந்தன. மெஷின் காலியாகும்வரை கையால்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். குழாயின் முனையில் ரப்பர் பை ஒன்றை மாட்டி, ஒரே சீராக அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

முதலில் நான் அமுக்கினேன். கை ஓய்ந்ததும் அவருடைய கணவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். காப்பிச் செடி கவாத்து பண்ணிக் காய்த்துப்போன கை. பையை அமுக்கும்போது மட்டும் முட்டையைப் பிடிக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக அமுக்கினார். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, நெஞ்சு மேல வர்றது தெரியணும்" என்றேன். பிறகு அவருடைய தம்பி, எஸ்டேட்டில் கூட வேலை செய்த இரண்டு பேர் என்று முறை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு தடவை இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் அசையவில்லை. ஆனால் ஓரத்திலிருந்து கண்ணீர் ஒழுகியது. டாக்டர் பக்கத்தில்தான் நின்றார்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும்மா. உடம்புதான் கட்டிக் கிடக்குது. நீங்க பேசறது, நாங்க பேசறது எல்லாம் காதுல விழும். பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டே இருந்தேன். இப்போது ஊசி போடப் போகிறேன், இப்போது ஒருக்களித்துப் படுக்க வைக்கப் போகிறோம், வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது, குழந்தை உங்கள் அம்மா புகட்டிய பாலைக் குடித்துவிட்டுத் தூங்குகிறதாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நேரம் இருந்தது. அன்றைக்கு என் பொறுப்பில் இருந்த இன்னொரு நோயாளி மாரடைப்பு வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பேசிக் களைத்ததைப் பார்த்துவிட்டு, "நான் கொஞ்சம் வாசிக்கிறேன் சிஸ்டர்" என்று தலைப்புச் செய்தியிலிருந்து தொடங்கி, மஞ்சள் விலை, மழை நிலவரம், காணாமல் போனவர் அறிவிப்பு வரைக்கும் அந்த அம்மாவுக்காகச் சத்தம் போட்டு வாசித்தார். ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் ஒருவர் பக்கத்துக் கட்டிலுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினார் என்று இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் ஒரு மெஷின் காலியாகி அவருக்குக் கிடைத்தது. சில நாளில் முதலில் கால் விரல் அசைந்தது, பிறகு புருவம். அப்புறம் ஒரு காலையில் தானாகவே கண்ணைத் திறந்தார். குழாயை எடுத்தோம். தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன். கணவரும் தம்பியும் கால்மாட்டில் நின்றார்கள். அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. கொழுந்தனைத்தான் பார்த்தார். தொண்டை கட்டிய குரலில் சொன்னார்.

"கன்னுக்குட்டி எங்க ஊட்லயே இருக்கட்டும். நீ ஒண்ணும் ஓட்டிக்கிட்டுப் போக வேண்டாம்."

அந்த மனிதர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பை அமுக்கும்போது, அண்ணி பிழைக்காவிட்டால் மாட்டை யார் பார்ப்பது, கன்றுக்குட்டியை நான் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அண்ணனிடம் யோசனை சொல்லியிருக்கிறார். அத்தனையும் இவர் காதில் விழுந்திருக்கிறது. வாத்தியார் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கணவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சுங்க சிஸ்டர். கெணத்துக்குள்ள கெடந்த மாதிரி இருந்துச்சு. மேல இருந்து உங்க சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு."

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, இதே மலைக்கு வாழ வந்தேன். சந்தை நாளில் எப்போதாவது அவரைப் பார்ப்பேன். கையை உயர்த்திச் சிரிப்பார். கூட்டத்தில் நின்று பேச முடிந்ததில்லை. அவருடைய கணவர் இறந்துபோனதைக்கூட நான் வெகு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அந்த வருஷங்களில் வார்டு மாறிக்கொண்டே வந்தது. அது ஒரு நாளில் நடந்த மாற்றம் இல்லாததால் எங்களுக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் வழியிலேயே போய்விடுகிறவர்கள் இப்போது ஆம்புலன்ஸில் மூச்சோடு வந்து சேர்ந்தார்கள். முன்பு எங்களிடம் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்த வாத்தியார் மாதிரி ஆட்களை இப்போது சாதாரண வார்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வசதி வந்துவிட்டது. அதனால் அவர்கள் எங்களிடம் வருவதே இல்லை. வேறு எங்கேயும் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் மட்டும்தான் எங்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நோய் என்று இருந்தால் பரவாயில்லை. சர்க்கரை பல வருஷமாக இருக்கும், கிட்னி பாதி போயிருக்கும், இருதயம் ஏற்கெனவே ஒரு தடவை மக்கர் பண்ணியிருக்கும். அதற்கு மேல் ஒரு காய்ச்சல் வந்து உட்கார்ந்திருக்கும். மருத்துவம் பிழைக்க வைத்தவர்களுக்குத்தான் வயசாகிறது. வயசானவர்கள்தான் மறுபடி எங்களிடம் வருகிறார்கள்.

டாக்டர்கள் தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும் நோயின் கடுமைக்கு ஒரு மார்க் போடுவார்கள். ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு, சிறுநீர் எல்லாம் சேர்த்து. மார்க் கூடினால் நிலைமை மோசம். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர். நான் சேர்ந்த புதிதில் பெரிய மார்க் வாங்கியவர் என்றால் வார்டே அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும். இப்போது அந்த மார்க் வாங்கியவரைத்தான், "பரவாயில்லை, அவர் கொஞ்சம் நல்லா இருக்கார்" என்று சொல்லி, அடுத்த நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்பதற்காகச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிடப் பார்க்கிறோம்.

கட்டில்கள் கூடின. நர்ஸுகளும் கூடினார்கள். அதைக் கணக்குப் பார்ப்பவர்கள், ஒரு நர்ஸுக்கு இத்தனை கட்டில் என்று அப்போது இருந்ததுதானே இப்போதும் இருக்கிறது என்பார்கள். கட்டில் அதேதான். கட்டிலுக்குள் இருக்கிற வேலை அதே இல்லை. அப்போது ஒரு சலைன் பாட்டில் தொங்கும். இப்போது தலைமாட்டில் மருந்து தள்ளும் சின்னச் சின்ன மெஷின்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் பீப் பீப் என்று தனித்தனியாகக் கூப்பிடும். சளி உறிஞ்ச வேண்டும், புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், டயாலிசிஸ் மெஷினைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதி முடித்து நிமிர்ந்தால் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் வந்திருக்கும். கொரோனா வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. அது போன பிறகு வேலையும் பழைய இடத்துக்கு இறங்கும் என்று நினைத்தோம். முழுசாக இறங்கவில்லை.

நான் எப்போது பேச்சை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு வராது. என் வீட்டுக்காரர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்குப் பார்க்கிறார். நான் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போனது என்று கண்டுபிடித்துவிடுவார். ஒன்றும் கேட்காமல் காப்பியைக் கொண்டுவந்து வைப்பார்.

அப்படி ஒரு காலத்தில்தான் அந்த அம்மா இரண்டாவது தடவை வந்தார்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கியிருந்தது. காலில் ஒரு புண், சர்க்கரை இருந்ததால் ஆறாமல் சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரலையும் கிட்னியையும் தொட்டுவிட்டது. வாயில் குழாய், கழுத்தில் குழாய், டயாலிசிஸ் மெஷின். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னிடம் இருந்த இன்னொருவர் லாரியில் அடிபட்டு வந்த இளைஞர். இரண்டு கட்டிலுக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒண்டிக்கடையில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவள். நான் அவளிடம் எத்தனையோ தடவை ரொட்டி வாங்கியிருக்கிறேன். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சிஸ்டர், எங்கம்மாவ முன்னாடி ஒருக்கா நீங்கதானுங்க பாத்தீங்க. பாம்பு கடிச்சப்ப. அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். வீக்கத்துக்கு அடியில் அந்தப் புருவம் தெரிந்தது. என் கையில் சளி உறிஞ்சும் குழாய் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மெஷின் கூப்பிட்டது. "இருங்க கண்ணு, வந்துடறேன்" என்று ஓடினேன். திரும்பி வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து அவள் போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் தடவை அவருக்கு மூச்சுக் கொடுக்க மெஷின் இல்லை. ஆனால் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இப்போது மூச்சுக்கு ஒரு மெஷின், கிட்னிக்கு ஒரு மெஷின் எல்லாம் இருக்கிறது. அவரிடம் காலையிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசக்கூடாது என்று இல்லை. நேரம் இல்லை. நாளைக்கும் நேரம் இருக்கப் போவதில்லை. அப்படியானால் நேரம் இருக்கிற ஓர் ஆளை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் பெரிய டாக்டரிடம் கேட்டேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மாதிரி.

"அந்தப் பொண்ணு பகல் முழுக்க அம்மா பக்கத்துல உக்காரட்டும் சார். கை கழுவறது, கவுன் போடறது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்துடறேன்."

"ஒருத்தர விட்டா எல்லாரும் கேப்பாங்க சிஸ்டர். தொற்று வேற இருக்கு."

"கேட்டா நல்லதுதான் சார். எங்க யாருக்கும் அவங்ககிட்ட பேச நேரம் இல்ல. நீங்களே பாக்கறீங்க."

அவர் வார்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். ஆறேழு மெஷின்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. "சரி, இவங்களுக்கு மட்டும் முதல்ல பண்ணிப் பாப்போம்" என்றார்.

பேக்கரியில் சொல்லிவிட்டு அந்தப் பெண் தினமும் வந்தாள். முதல் நாள் கட்டில் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"பேசுங்க கண்ணு."

"என்னங்க பேசறது? கேக்குதுங்களா?"

"இப்ப கொஞ்சம் மயக்கத்துல இருக்காங்க. கேட்டாலும் கேக்கும், கேக்காட்டியும் போகுது. பஸ்ல வந்தீங்களே, அதச் சொல்லுங்க."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் இடம் கிடைக்காததையும், மாரமங்கலத்துக்காரர் ஒருவர் மிளகு மூட்டையை வழியில் வைத்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போட்டதையும் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் குரல் இயல்பானது. அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே பேசினாள். நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஓடும்போது அவள் பேச்சு துண்டு துண்டாக என் காதில் விழும். காப்பி பூத்துவிட்டது, வாசனை ரோடு வரைக்கும் அடிக்கிறது. உங்கள் பேரன் முதல் பல் விழுந்து அழுதான். பக்கத்து வீட்டில் புது பைக் வாங்கியிருக்கிறார்கள். வார்டில் மற்ற நர்ஸ் பிள்ளைகளும் அந்தக் கட்டில் பக்கம் போகும்போது, "அப்புறம் அந்த மிளகு மூட்டை என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மெதுவாகத் தேறினார். காய்ச்சல் இறங்கியது. சிறுநீர் தானாக வர ஆரம்பித்தது, டயாலிசிஸை நிறுத்தினார்கள். மயக்க மருந்தைக் குறைத்தோம். மெஷின் உதவியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் குழாயை எடுத்தோம்.

ஆனால் முதல் தடவை மாதிரி இல்லை. கண்ணைத் திறந்தவருக்கு இடம் புரியவில்லை. எத்தனையோ நாள் மயக்கத்தில் கிடந்த மூளை. இப்போது எங்களிடம் தேறுகிறவர்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான் ஆகிறது. வார்டை எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை காயப்போடும் களம் என்று நினைத்துக்கொண்டார். வார்டு மெஷின்களின் சத்தம் அவருக்குக் காப்பிப் பழம் அரைக்கும் மெஷின் சத்தமாகக் கேட்டது. என்னைப் பார்த்து அதட்டினார்.

"மேகம் கட்டியிருக்குது, பாத்துக்கிட்டு நிக்கற. அள்ளு கண்ணு, கொட்டை நனையுது."

மகள் அழுதுவிட்டாள். "அம்மா, இது ஆஸ்பத்திரிம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்குக் கோபம்தான் ஏறியது. கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். நான் அவர் போர்வையின் ஓரத்தை மடித்து, இரண்டு கையாலும் ஒதுக்கி ஒதுக்கி நடுவில் சேர்த்தேன்.

"அள்ளியாச்சுங்க. மூடியாச்சு. நனையல" என்றேன்.

சந்தேகமாகப் பார்த்தார். "படுதா போட்டியா?"

"போட்டாச்சுங்க."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். இது சில நாளில் போய்விடும், அம்மா முழுசாகத் திரும்பிவிடுவார் என்று மகளிடம் சொன்னேன். அப்படியே ஆனது. ஒரு காலையில் மகளிடம், பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். மயக்கத்தில் எது உள்ளே போனது, எது போகவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் வீட்டுக்குப் போன பிறகு, எனக்கு விடுமுறை நாள் ஒன்றில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளக்கடைக்குப் போனேன். பிழைத்துப் போனவர்களை வீட்டில் போய்ப் பார்க்க எங்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. இவர் என் மலையில் இருந்ததால் போக முடிந்தது. பிழைத்துவிட்டார் என்று நாங்கள் எழுதி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது.

"வாங்க சாமி" என்று சிரித்தார். மகள் காப்பி போட உள்ளே போனாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கணும். எனக்கு அங்க என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. அந்தத் தடவ அத்தனையும் ஞாபகம் இருக்குது. வாத்தியார் பேப்பர் படிச்சதுகூட இருக்குது. இந்தத் தடவ ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துனாங்க, அப்புறம் ஊட்டுக்கு வந்துட்டேன். நடுவுல யாரோ என்ற நாள எடுத்துக்கிட்டாப்பல இருக்குது."

நான் முதலிலிருந்து சொன்னேன். மெஷின்களைப் பற்றி, மகள் தினமும் வந்து பேசியதைப் பற்றி, காப்பிக் கொட்டையை அள்ளச் சொல்லி அதட்டியதைப் பற்றி. அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப எனக்குன்னு நீங்க ஒருத்தர் பக்கத்துலயே இருந்தீங்க. இப்ப எத்தன பேருங்க உங்களுக்கு?"

"ரெண்டு பேர். சில நாள் மூணு."

"எல்லாரும் என்ற மாதிரியே முடியாதவங்களா?"

"ஆமாங்க."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நொம்ப சிரமம் கண்ணு உனக்கு" என்றார். அத்தனை வருஷம் சிஸ்டர் என்றவர் அன்றைக்குத்தான் என்னைக் கண்ணு என்று நினைவோடு கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த மேலதிகாரியும், எந்தக் கூட்டத்திலும், எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

மகள் காப்பியோடு வந்து நின்றாள். அவர் அவளையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்னொருக்கா எனக்கு அப்படி ஆச்சுன்னா, அங்க கொண்டு போக வேண்டாங்க. நீங்க எல்லாம் நல்லாத்தான் பாத்தீங்க. ஆனா இந்த ஒடம்பு இன்னொருக்கா தாங்காது. நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

"பொழைக்க வெச்சவங்ககிட்டயே இப்படிப் பேசலாமாம்மா?" என்று மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவங்ககிட்டத்தான் சொல்லணும். அவங்களுக்குத்தான் புரியும்."

கதவுக்கு உள்ளே வந்த எவரையும் எப்படியாவது இழுத்துப் பிடிப்பதுதான் என் வேலை. "இப்பவே முடிவு பண்ண வேண்டாங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன்" என்று மட்டும் சொன்னேன். பேசினேன். அவர் நேர்மையாகச் சொன்னார். அடுத்த தடவை மெஷினில் போட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம், உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை என்றார். "மாத்திரைல, ஊசில சரியாகறதை எல்லாம் பண்ணுவோம். அதுக்கு மேல வேணுமா வேண்டாமான்னு அவங்க சொல்றதுதான் சிஸ்டர்" என்றார். அதை அப்படியே போய் மகளிடம் சொன்னேன். அவள் பல நாள் என்னிடம் பேசவில்லை. ரொட்டியைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் அவளாகவே, "அம்மா தெளிவா இருக்காங்க சிஸ்டர். எனக்குத்தான் மனசு வரல" என்றாள்.

அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கும் கூடுதலாக அவர் இருந்தார். குச்சி ஊன்றி வாசலில் நடந்தார். பேரனோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். ஒரு தடவை மகளோடு ஏரிக்கரைக்கு வந்து படகைப் பார்த்துவிட்டு, ஏற வேண்டாம் என்று திரும்பிப் போனார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. மூச்சு வாங்கியது. கீழே சேலத்துக்கு அனுப்பட்டுமா என்று டாக்டர் கேட்டபோது, அவரே தலையசைத்து மறுத்துவிட்டார். அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டு மகள் எனக்குப் போன் செய்தாள். லீவு சொல்லிவிட்டுப் போனேன். மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அதை நேரத்துக்குக் கொடுத்தேன். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். வாயை ஈரத்துணியால் துடைத்தேன். அப்புறம் செய்ய வேறு எதுவும் இல்லை. எந்த மெஷினும் கூப்பிடவில்லை. ஒரு நோயாளியின் பக்கத்தில் காலையிலிருந்து மதியம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். மகள் மறுபக்கம் படுத்துக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்திருந்தாள். இடையில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "சாப்டீங்களா?" என்று எங்கள் இரண்டு பேரையும் கேட்டார். சாப்பிட்டோம் என்றோம். மதியத்துக்கு மேல், மழை விட்டிருந்த நேரத்தில், மூச்சு இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வந்து நின்றது.

நானும் மகளுமாகக் குளிப்பாட்டினோம். உடம்பில் எடுக்க ஒரு குழாயும் இல்லை.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் மண்பாதையில், மிளகுக்கொடி படர்ந்த மரங்களைத் தாண்டியதும், முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பாதையின் நடுவே ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. மேளம் அடித்தவர் சத்தத்தைக் குறைத்து, பிறகு நிறுத்தினார். யாரும் விரட்டவில்லை. தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் பீடியைப் பற்ற வைக்க எடுத்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பெண்கள் வழியிலேயே நின்றுவிடுவது வழக்கம் என்றாலும் மகள் வந்திருந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். மூடுபனி செடிகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மிருகம் எங்களைப் பார்த்தது, மூச்சு விட்டது, இலையைக் கடித்தது. நாங்கள் எல்லோரும் ஒரு அவசரமும் இல்லாமல் காத்து நின்றோம். பிறகு அது மெதுவாகச் சரிவில் இறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் போனது. மேளக்காரர் திரும்ப அடிக்கத் தொடங்கினார். நாங்கள் நடந்தோம்.